தனுஷ்கோடியின் ஐம்பது வருடம்

1988 அக்டோபர் 2 வரை ராமேஸ்வரம் தீவுக்குச் சாலை கிடையாது. அன்று ராஜீவ் காந்தி திறந்து வைத்த பாலத்துக்கு முன்னால், தீவில் பிறந்தவர்கள் மண்டபத்துக்கு வர ரயில் ஏற வேண்டும், இல்லையென்றால் படகு. அரிசி மூட்டை, காய்கறிக் கூடை, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், பிரசவத்துக்கு மதுரை கிளம்பிய கர்ப்பிணி, பள்ளிப் பாடப்புத்தகம், சினிமாப் படப்பெட்டி எல்லாம் ஒரே தண்டவாளத்தில்தான் வந்தன, போயின. ரயில் வருகிற நேரமும் காற்று திரும்புகிற பருவமும்தான் அந்தக் கரையில் ஒரு நாள் எப்படி விடிய வேண்டும், எப்படி முடிய வேண்டும் என்று தீர்மானித்தன.

அந்த வாழ்க்கை முழு வீச்சில் நடந்த இடம் தனுஷ்கோடி. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு இரவு: 1964 டிசம்பர் 22. அதற்கு முன்பு ஐம்பது வருடம் அங்கே சம்பள நாள், சந்தைக்கடை, பள்ளிக்கூட மணி, ஞாயிறு பூசை என்று ஓர் ஊர் நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல ஆளில்லை. சுற்றுலா வேன்காரர் சொல்வது புயல் கதை. யூடியூப் காணொளிகள் சொல்வது பேய்க் கதை. ஊர்க்கதைதான் விடுபட்டுப் போகிறது.

கடலைத் தாண்டிப் போவது இந்தக் கரைக்கு ரயிலால் வந்த பழக்கமல்ல. சேதுவில் நீராட வடக்கேயிருந்து யாத்திரிகர்கள் காலங்காலமாக வந்தார்கள். அவர்கள் தங்கிப் போக வழிநெடுகச் சத்திரங்களும் மடங்களும் எழுந்தன. சேதுவுக்குக் காவலர் என்பதையே பட்டமாகச் சூடிக்கொண்ட சேதுபதிகளின் சீமை இது. தங்கச்சிமடம், அக்காள்மடம், முகுந்தராயர் சத்திரம் என்று அந்தப் பாதையின் நிறுத்தங்கள் இன்றும் ஊர்ப் பெயர்களாக நிற்கின்றன. சேதுவில் எடுத்த மணலைக் காசி யாத்திரையில் கங்கையில் கரைப்பதும், அங்கிருந்து கொண்டுவரும் தண்ணீரால் ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதும் முறை. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் இலங்கை வழியாகத் திரும்பி வந்து இறங்கியது பாம்பனில். பாஸ்கர சேதுபதி கரையில் நின்று வரவேற்றார். விவேகானந்தர் ஏறிய வண்டியைக் குதிரைக்குப் பதிலாக மன்னரும் மக்களும் சேர்ந்து இழுத்தார்கள்.

ஆனால் அக்கரைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சாமியார்களோ மன்னர்களோ இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மழை பொய்த்த ராமநாதபுரத்திலிருந்தும் பக்கத்துச் சீமைகளிலிருந்தும் கங்காணியின் பின்னால் கிளம்பியவர்கள் தோணியில் மன்னார் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. நடைவழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். இந்தக் கரையிலிருந்து மலையகம் போன குடும்பங்களின் முதல் வரலாறு அந்தக் காட்டுப் பாதையில் கிடக்கிறது.

1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. அப்போதெல்லாம் கொழும்புக்குக் கப்பல் ஏற சென்னைக்காரர் தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். கடலைக் கடக்கும் தூரத்தைச் சுருக்க, இலங்கை வரைக்கும் கடலின் குறுக்கே பாலமே கட்டிவிடலாமா என்றும் அன்றைய அரசு யோசித்தது. செலவு கட்டுப்படியாகாது என்று கைவிட்டு, மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே மட்டும் ரயில் பாலம், அதன்பின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று முடிவானது. 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. அதே வருடம் அக்கரையில் தலைமன்னார் ரயில் பாதையும் தயாரானது. எழும்பூரில் ஏறினால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கலாம். இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்று கால அட்டவணையில் பெயர். ஜனங்கள் வாயில் அது போட் மெயில்.

இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தப் பாலத்தின் நடுவில், கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும் தூக்குப்பாலம் இருந்தது. அதைத் திறக்க மோட்டார் கிடையாது. கரைக்கு இத்தனை பேர் என்று ஆட்கள் நின்று, இரும்பு நெம்புகோலைப் பிடித்துத் தள்ளித் தள்ளியே பல்சக்கரத்தைச் சுற்றுவார்கள். தகடு தகடாக ஏறும் இரும்பு அண்ணாந்து நின்றதும், வரிசையில் காத்திருந்த விசைப்படகுகளும் சரக்குக் கப்பலும் ஒவ்வொன்றாக நுழையும். நூறு வருடத்துக்கு மேல் கைப்பலத்திலேயே நடந்த வேலை இது. 2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழுகிறது, மின்சாரத்தில்.

பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வேகமாக ஊரானது. வங்காள விரிகுடா ஒரு பக்கம், மன்னார் வளைகுடா மறுபக்கம். நடுவே நீண்டு கிடக்கும் மணல் நாக்கில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், சத்திரங்கள், கடைகள். வெறும் மணலில் இவ்வளவையும் நிறுத்தியது ஒரு ரயிலும் ஒரு கப்பலும். ரயில் வந்து நிற்கும்போது போர்ட்டர்களுக்கு வேலை, சுங்கக்காரர்களுக்கு வேலை, இட்லிக் கடைக்கு வியாபாரம், தீர்த்தப் புரோகிதருக்குத் தட்சிணை. ‘இர்வின்’, ‘கோஷன்’ என்று ஒரு வைஸ்ராயின் பெயரையும் ஒரு சென்னை கவர்னரின் பெயரையும் தாங்கிய நீராவிக் கப்பல்கள் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைச் சில மணி நேரத்தில் கடந்தன.

எல்லோரும் அதே கப்பலில்தான் போனார்கள் என்றாலும் எல்லோரும் ஒரே மாதிரி போகவில்லை. முதல் வகுப்புப் பயணி சென்னையில் ஏறிப் படுத்து எழுந்து, நேராகக் கப்பலேறலாம். தோட்டத்துக்குப் போகும் கூலி ஆள் மண்டபத்திலேயே இறக்கப்படுவார். அங்கே இலங்கை அரசு நடத்திய முகாம் இருந்தது, இந்திய மண்ணில். அம்மை குத்துவார்கள், துணியை மருந்து நீராவியில் போட்டு எடுப்பார்கள், சில நாள் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே கப்பலுக்கு அனுப்புவார்கள். ‘மண்டபம் கேம்ப்’ என்று ரயில் நிலையத்துக்குப் பெயரே அப்படி அமைந்தது. மலையகத்துப் பாட்டிமார் பலருக்குத் தாய்நாட்டின் கடைசி ஞாபகம் அந்த முகாமின் ஊசியாகத்தான் இருந்திருக்கும்.

ஊர்க்காரர்களின் அன்றாடத்தில் ரயில் எவ்வளவு கலந்திருந்தது என்பதற்கு அப்துல் கலாமின் சிறுவயதே சாட்சி. அவருடைய தந்தை ஜைனுலாபுதீன் யாத்திரிகர்களை ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் படகில் ஏற்றிப் போனவர். இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. தீவில் பத்திரிகை விநியோகித்து வந்த கலாமின் உறவினர் சம்சுதீனுக்கு அது பெரிய சங்கடம். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து கட்டுக்கட்டாகப் பத்திரிகையை வெளியே எறிவார்கள். பொறுக்கிச் சேர்க்க ஒரு கை வேண்டுமென்று சிறுவன் கலாமைச் சேர்த்துக்கொண்டார். முதல் முறையாகச் சொந்தமாகச் சம்பாதித்த அந்தப் பெருமையைக் கலாம் தன் சுயசரிதையில் மறக்காமல் எழுதியிருக்கிறார். உலகப் போர் என்பது ராமேஸ்வரம் தெருவுக்கு இப்படி, மணலில் வந்து விழும் ஒரு கட்டாக வந்து சேர்ந்தது.

சென்னையில் அச்சான விகடனும் கல்கியும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாசகர்களைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. அங்கிருந்து இங்கே வந்தது குரல். பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த ஐம்பதுகளில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கிப் போனது. பாட்டு கேட்க வேண்டுமானால் இலங்கை வானொலிதான். தமிழ்நாடு முழுக்கவே கேட்டார்கள் என்றாலும் சேதுக் கரைக்கு அது பக்கத்து வீட்டு ஓசை. எஸ்.பி. மயில்வாகனனின் குரல், பிறகு வந்த கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பெயர் சொல்லிப் பிறந்தநாள் வாழ்த்து. ராமநாதபுரம் மாவட்டத்தில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தப் பெயர்கள் வந்து விழும். பொழுதுபோக்குக்கு எல்லைக்கோடு கிடையாது என்பதை வலைவிரித்துக்கொண்டே டிரான்சிஸ்டர் கேட்ட மீனவர் நன்றாக அறிவார்.

1964 டிசம்பர் 22 இரவு நடந்தது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும்போது ராட்சத அலை அதை அப்படியே இழுத்துக்கொண்டு போனது. ரயிலில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். புயலில் மொத்தம் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்கள் கடலுக்குள் விழுந்தன. அவற்றைக் கடலடியிலிருந்து மீட்டு எடுத்து 46 நாளில் பாலத்தை ஓடவைத்த இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வேக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் தலைமை தாங்கியவர். பாலம் பிழைத்தது. தனுஷ்கோடி வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது.

புயலுக்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. எந்தத் துறைமுகம் வழியாக அவர்களுடைய தாத்தாக்கள் போனார்களோ அது மணலாகக் கிடக்க, பேரப்பிள்ளைகள் ‘ராமானுஜம்’ கப்பலில் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். ஊசி குத்தி அனுப்பிய அதே மண்டபத்தில் அவர்களுக்கும் முகாம். உள்நாட்டுப் போர் மூண்டதால் 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. பிறகு அதே முகாமில் போருக்குத் தப்பி வந்தவர்கள். 2022 மார்ச்சில் இலங்கையில் பால்மாவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசை நின்றபோது, தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை பக்கத்து மணல்திட்டில் கைக்குழந்தையோடு சில குடும்பங்கள் இறக்கிவிடப்பட்டு, கடலோரக் காவல் படை மீட்டு வந்தது. அவர்கள் அனுப்பப்பட்டதும் மண்டபத்துக்கே.

அரசு அறிவிப்புக்குப் பிறகும் மீனவர்கள் தனுஷ்கோடியை விட்டுப் போகவில்லை. ஓலைக் குடிசைகளில் குடும்பங்கள் இருக்கின்றன. கரைவலை இழுக்கிறார்கள்: படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு நுனியையும் கரையில் நின்று, ஆணும் பெண்ணுமாகக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாக நடந்து நடந்து இழுப்பது. மீன் பட்ட அளவுதான் பங்கு. குடிதண்ணீருக்கு மணலைக் கையால் தோண்டுகிறார்கள். இரண்டு கடலுக்கு நடுவே முழங்கால் ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிறது; சிரட்டையால் கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும், அவசரப்பட்டால் உப்பு ஏறிவிடும். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் சங்கும் பொரித்த மீனும் விற்கிற கடைகள் பெருகின. அதற்கு முன்பு யாத்திரிகரும் பள்ளிப் பிள்ளைகளும் ஈரமணலில் ஓடும் வேனில் தொற்றிக்கொண்டு போனவர்கள்தான்.

சாலை வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு. இடிந்த தேவாலயத்தின் முன்னால் கல்யாண ஜோடிகள் படமெடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவருக்குள் யார் யாருக்குத் திருமணம் நடந்தது என்று எழுதி வைக்க யாருமில்லை. ரயில் நிலையத்தின் செங்கல்லைச் சுற்றுலா வந்தவர்கள் ஞாபகார்த்தமாகப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கியது. ராமேஸ்வரம்–தலைமன்னார் வழி இன்னும் பேச்சளவில் இருக்கிறது. அது வருமுன்பாவது செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 1964இல் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கடையில் எது விற்றது, ஆசிரியர் பெயர் என்ன, கப்பல் வராத நாளில் ஊர் என்ன செய்தது என்று அவர்களிடம் கேட்டு, கைபேசியிலாவது பதிவு செய்யுங்கள். ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலைதான் அது.