சாம்பார் கறை சோப்பு பட்டதும் சிவப்பாவது ஏன்? வீட்டிலேயே அமிலம், காரம் கண்டுபிடிப்பது எப்படி?

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை திடீரென்று சிவப்பாகிறது. துணியே போச்சு என்று பதற வேண்டாம். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். பிறகு வெயிலில் காயப்போட்டால் அந்த மஞ்சளும் வெளுக்கத் தொடங்கும்.

என்ன நடக்கிறது?

மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறமி, காரம் பட்டால் சிவக்கும். சோப்பு ஒரு காரம். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவது இதனால்தான். இப்படி நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் பொருளுக்கு 'நிறங்காட்டி' என்று பெயர். வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை ராபர்ட் பாயில் 1664-லேயே எழுதிவிட்டார்.

ஆனால் மஞ்சளை நம்பி அமிலத்தைத் தேட முடியாது. எலுமிச்சைச் சாறு விட்டாலும் மஞ்சள், வெறும் தண்ணீர் விட்டாலும் மஞ்சள். 'சிவக்கலையே, அப்போ அமிலம்தான்' என்று முடிவு கட்டினால் தப்பு. பள்ளி புராஜெக்டில் பலர் சறுக்கும் இடம் இது.

அமிலத்துக்கு சங்குப்பூ

வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூ ஐந்தாறு பறித்து, ஒரு டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறப்போடுங்கள். நீலத் தண்ணீர் ரெடி. அதைச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். எலுமிச்சை விட்டால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. ஆப்ப சோடா போட்டால் பச்சை கலந்த நீலம். உப்பு, சர்க்கரைக்கு மாற்றமே இருக்காது. பூவில் உள்ள ஆந்தோசயனின் நிறமிதான் காரணம். செம்பருத்தியிலும் அது உண்டு.

தயிர் போன்ற லேசான புளிப்புக்கு எலுமிச்சை அளவு மாற்றம் தெரியாது. அதனால் நிறத்தை வைத்து 'பி.எச் இவ்வளவு' என்று எண் சொல்ல முடியாது. குடிநீர் நல்லதா என்பதையும் இது சொல்லாது.

எதைத் தொடக்கூடாது?

டாய்லெட் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் சோதனைக்கு எடுக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுத் திணறும். வெற்றிலைச் சுண்ணாம்பையும் குழந்தைகள் கையில் தராதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டு விடாமல் கழுவி, கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.