கெம்ரியும் கெமெட்டும்

'வார்ஹாமர்' புனைவுலகில் கெம்ரி என்னும் பாலைநில அரசு உண்டு. அதன் மன்னன் செட்ரா சாகாவரம் வேண்டினான். பொன்னுடலுடன் எழுவான் என்று பூசாரிகள் வாக்களித்தனர். நாகாஷின் மந்திரத்தால் அவன் எழுந்ததோ வெறும் எலும்புக்கூடாக.

அப்பெயர், பண்டை எகிப்தியர் தம் நாட்டுக்கு வழங்கிய 'கெமெட்' என்பதை நினைவூட்டுகிறது. கெமெட் என்றால் கரிய நிலம். நைல் வெள்ளம் கொணர்ந்த வண்டல். பாலையை அவர்கள் 'தெஷ்ரெட்', அதாவது செந்நிலம், என்று பிரித்தே சுட்டினர். உடலைப் பதப்படுத்தியதும் மறுமை வாழ்வுக்காகவே. எவரையும் அச்சுறுத்த அன்று.

அச்சுறுத்தும் மம்மி ஆங்கிலப் புனைகதையில் வளர்ந்தது. 1882இல் பிரிட்டன் எகிப்தைக் கைப்பற்றியது. 1892இல் கோனன் டாயில் எழுதிய 'லாட் நம்பர் 249' கதையில் மம்மி ஆக்ஸ்ஃபோர்டிலேயே ஆட்களைத் தாக்கியது. வயல்நாட்டைக் கல்லறைநாடாக்கிய அம்மரபின் வாரிசே கெம்ரி. ஆண்டவரின் அச்சத்தை ஆளப்பட்டவரின் வரலாறாக வாசித்தல் தகாது.