தாருவும் உளியும்

திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாள் சந்நிதியில் நிற்கும் பக்தர்கள், ஒரு திருவடியை விண்ணோக்கித் தூக்கிய அந்த நெடிய திருமேனியின் பிரம்மாண்டத்தில் திகைத்து நிற்பார்களேயன்றி, அது தாருவால், அதாவது மரத்தால், ஆனது என்பதை அர்ச்சகர் எடுத்துச் சொல்லும்வரை பெரும்பாலும் உணர்வதில்லை. அதே சீமையில், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில், மரத்தில் தெய்வத்தைக் காணும் உளியின் ஓசை இன்றும் ஓயாமல் கேட்கிறது என்பது எனக்குப் பெரும் ஆறுதலைத் தருகிறது.

மன்னர்களின் ஆதரவில் மதுரையில் வளர்ந்த மரச்சிற்பக் கலை, அவ்வாதரவு குன்றிய பின் பல ஊர்களுக்கும் பிரிந்து சென்றதென்றும், அதன் ஒரு கிளை இங்கே வேரூன்றியதென்றும் சொல்வது இத்தொழிலின் மரபு. மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடப்பதால் மரத்துக்குக் குறைவிராது என்று நினைக்கத் தோன்றும்; ஆனால் காட்டு மரத்தை நினைத்தபடி வெட்டச் சட்டம் இடந்தராது. மாவும் அத்தியும் வேம்பும் போன்ற ஊர்ப்புறத்து மரங்களே இவர்கள் கையில் விக்கிரகங்களாகின்றன.

வெட்டிய மரம் நன்கு உலர வேண்டும். ஈரம் வற்றாத கட்டையில் செய்த உருவம் பின்னால் வெடித்துவிடும். உலர்ந்த கட்டையில் முதலில் விழுவது உளியன்று, கோடு. சிற்ப சாஸ்திரம் விஷ்ணு முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம் என்னும் 124 அங்குலப் பிரமாணத்தை விதிக்கிறது. இந்த அங்குலம் அடிக்கோலின் அங்குலமன்று. விக்கிரகம் எவ்வளவு உயரமாயினும் அதனை 124 கூறாக்கினால் வரும் ஒரு கூறே அது. ஆதலால் ஒரு சாண் உயரத்துப் பெருமாளுக்கும் ஆளுயரப் பெருமாளுக்கும் முகம், மார்பு, முழங்கால் ஆகியவற்றின் பொருத்தம் சிறிதும் மாறாது. இந்தக் கணக்கைக் கைவினைஞர் ஏட்டைப் பார்த்துப் போடுவதில்லை; தந்தையின் பக்கத்தில் அமர்ந்து, கொட்டாப்புளியின் தட்டு எவ்வளவு மென்மையாக விழவேண்டுமென்று கற்ற வயதிலேயே அது கண்ணில் படிந்துவிடுகிறது.

தேரும் வாகனமும் கோயில் கதவும் செய்வித்த காலத்தில் வேலை கொடுத்தவர் கோயிலாரும் செல்வருமாக இருந்தனர். அந்த வேலை அருகியபோது, வீட்டுப் பூஜையறையும் வரவேற்பறையும் அவ்விடத்தைப் பிடித்தன; 1973-இல் தோன்றிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்கள் கைவினைஞருக்கும் நகரத்தாருக்கும் இடையே பாலமாயின. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. 2021-இல் அதன் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்நாடுகளில் கடையில் மலிவாகக் கிடைக்கும் கம்பளிச் சட்டையை விடுத்து, இளைஞர்கள் மீண்டும் ஊசியும் நூற்கண்டும் எடுத்துப் பின்னத் தொடங்கியிருக்கிறார்கள் என்று படிக்கும்போது, இங்கே ஒரு மரப்பிள்ளையாரை விலை கொடுத்து வாங்கி வருபவர் உள்ளத்திலும் கையால் ஆன பொருளுக்கான அதே தாகம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

ஆயினும் குறியீடு காப்பது பெயரைத்தான். கணினி இயக்கும் செதுக்கு யந்திரம் ஒரே வார்ப்பாகப் பல பலகைகளை விரைந்து தள்ளிவிடும் இக்காலத்தில், கைவேலைக்கு அதன் நாட்கூலியைக் கணக்கிட்டுக் கொடுக்கத் துணிபவர் இல்லாவிடில், தந்தையின் பக்கத்தில் வந்தமரப் பிள்ளைகள் முன்வரமாட்டார்கள். வாங்குபவர் பேரம் பேசுமுன் ஒரு நாழிகை பட்டறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

அவர் அங்கே காண்பது இதுவாக இருக்கும்: கிரீடமும் ஆபரணமும் கைவிரல்களும் முடிந்து, உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்கிய ஓர் உருவம், இமை மூடியதுபோல் வெறுமையான முகத்துடன் நிற்கிறது. மடியில் மரத்தூள் படிந்த ஒருவர் எல்லாவற்றிலும் சிறிய உளியை எடுத்து, மூச்சை அடக்கி, கண்ணின் வரியைத் திறக்கக் குனிகிறார்.