ஏற்காட்டில் வாழ்ந்த ஒரு 'புராஜெக்ட்' மன்னர்

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றாலே தெர்மகோல் எரிமலை, முதல் நாள் ராத்திரி அப்பா வரைந்து கொடுத்த சார்ட்! உண்மையான புராஜெக்ட் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? ஏற்காட்டில் குடியிருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பாருங்கள்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-ல் சேர்ந்தவர் அவர். பிரான்சில் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் ஆதிமனிதன் செய்தவையே என்று 1859-ல் ஆங்கில அறிஞர்கள் உறுதி செய்தார்கள். அப்படியானால் இந்தியாவிலும் கிடைக்குமே? இதுதான் ஃபூட்டின் கேள்வி. முதலில் கேள்வி, அப்புறம்தான் தேடல். நம் மாணவர்கள் முதலில் மாடலைச் செய்துவிட்டுப் பிறகு தலைப்பு தேடுகிறார்கள்.

1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஒரு கற்கோடரி கிடைத்தது. ஒரே ஒரு கல்லை வைத்து யார் நம்புவார்கள்? அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற சக அதிகாரியுடன் போய் அதிரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். (அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது.) 1866-ல் சென்னையில் வெளிவந்த ஓர் ஆய்விதழில் இதையெல்லாம் கட்டுரையாக எழுதினார்.

அதோடு நிற்கவில்லை. நாற்பது ஆண்டுகள் சேர்த்தார். சேர்வராயன் மலையின் மெருகேற்றிய கற்கோடரிகளும் அதில் உண்டு. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்புதான் அந்தச் சேகரிப்பின் உயிர். குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் ஜல்லி! 1904-ல் சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. 1912-ல் ஃபூட் இறந்தார். அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்துக்கு வந்தது. அவர் எழுதி வைத்த விளக்கக் குறிப்புகளை 1916-ல் அருங்காட்சியகம் புத்தகமாகப் போட்டது. விளக்கம் சொல்ல ஆள் இல்லாமலே பேசுகிற கண்காட்சி அது.