மறதிநோய்ப் பராமரிப்பாளர் சுமை

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் கண்டவரை நெடுங்காலம் பார்த்துக்கொள்பவருக்கு உடல், மனம், பொருளாதாரம், உறவு ஆகியவற்றில் ஏற்படும் நெருக்கடி.

அறிகுறிகள்: தூக்கமின்மை, ஓயாத களைப்பு, எரிச்சல், கோபப்பட்டபின் வரும் குற்ற உணர்வு, பிறரிடமிருந்து ஒதுங்குதல், தன் உடல்நலத்தைக் கவனிக்காது விடுதல். பெற்ற தாயே பிள்ளையை யாரென்று கேட்கும்போது, அவர் உயிரோடு இருக்கையிலேயே இழந்துவிட்ட துயரம் எழுகிறது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இத்தகைய துயரை 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டு விளக்கினார்.

அளவீடு: ஸ்டீவன் ஸாரிட்டும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் 29 கேள்விகள் கொண்ட சுமை அளவுகோலை வெளியிட்டனர். இன்று பரவலாக வழங்கும் வடிவில் 22 கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. மதிப்பெண் கூடினால் சுமையும் கூடுதல்.

தன்னைப் பேணல்: தன் கோபத்தையும் சோர்வையும் தொடக்கத்திலேயே இனங்காண்பது முதல் படி. பொறுப்பைக் குடும்பத்தார் முறைவைத்துப் பகிர்தல், தினமும் தனக்கெனச் சிறிது நேரம் ஒதுக்குதல், தன் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதிருத்தல், மனம்விட்டுப் பேசுதல் ஆகியவை உதவும். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' பயிற்சியும் பராமரிப்பாளர் தன்னைப் பேணுவதைத் தனிப் பாடமாகக் கற்பிக்கிறது. துயரம் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். பராமரிப்பவர் நலமாக இருந்தால்தான் நோயாளிக்கும் நல்ல கவனிப்புக் கிடைக்கும்.