உலாவியைத் தன்வசமாக்கல்

இணைய உலாவி என்பது வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி. கைபேசியோ கணினியோ வாங்கும்போதே உள்ளே இருக்கும். அதன் தேடுபொறி, முகப்புப் பக்கம், மொழி, எழுத்தளவு, எந்தத் தளம் எதையெல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்பது வரை எல்லாவற்றையும் தயாரித்தவரே முடிவுசெய்து அனுப்பியிருப்பார். அந்த முடிவுகளைப் பயனர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வதே உலாவியைத் தன்வசமாக்கல். பெரும்பாலோர் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. இது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். சஃபாரி உலாவியில் தன்னுடைய தேடுபொறியே இயல்பாக இருப்பதற்காக 2022ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்திருந்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளிவந்தது. நாலைந்து தொடுதலில் மாற்றிவிடக்கூடிய ஓர் அமைப்புக்குத்தான் இவ்வளவு பணம்.

இந்தியாவில் இதே பிரச்சினை ஆண்ட்ராய்டு வழியாக வந்தது. குரோம் உள்ளிட்ட தன் செயலிகளை ஒட்டுமொத்தமாக ஏற்றி அனுப்பும்படி கைபேசி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது முதலான காரணங்களுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பிறகுதான், 2023 ஜனவரியில், புதுக் கைபேசியை முதன்முறை இயக்கும்போதே தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் திரை இந்தியாவில் வரும் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

எழுத்துக்காக நடந்த மாற்றங்கள்

தமிழ் வாசகருக்கு உலாவியைத் திருத்துவது பழகிய வேலை. 1990களின் பிற்பாதியில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவும் குறியாக்கமும் வைத்திருந்தது. தளத்துக்குள் நுழைந்ததும் எழுத்துருவை இறக்கி விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையில் போட வேண்டும். பிறகு உலாவியின் குறியாக்கப் பட்டியலில் ‘பயனர் வரையறுத்தது’ என்பதைத் தேர்வுசெய்ய வேண்டும். அப்படியும் சில நாள் பக்கம் முழுக்கக் கட்டங்களே தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி தாம், தாப் குறியாக்கங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் அரசின் தரமாயின. யுனிகோட் எனப்படும் ஒருங்குறியைத் தமிழக அரசு முறைப்படி ஏற்றது 2010இல்தான்.

இடைப்பட்ட பத்தாண்டைக் கடக்க உதவியவற்றில் உலாவி நீட்சிகளுக்குத் தனி இடம் உண்டு. 2004 நவம்பரில் முதல் பதிப்பு வெளியான ஃபயர்பாக்ஸைத் தமிழ் வலைப்பதிவர்கள் நெருப்புநரி என்று அழைத்தார்கள். அதில் வேலைசெய்த ‘பத்மா’ என்ற நீட்சி, பழைய குறியாக்கத்தில் இருந்த இந்திய மொழிப் பக்கங்களைத் திறக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. ‘தமிழ்விசை’ என்ற இன்னொரு நீட்சி, தனி மென்பொருள் நிறுவாமலே உலாவிக்குள் தமிழில் தட்டச்சு செய்ய வழி கொடுத்தது. நிர்வாகி அனுமதியில்லாமல் எதையும் நிறுவ முடியாத அலுவலகக் கணினிகளில் இதன் அருமை தெரிந்தது.

அந்தக் குழப்பம் முழுதாக ஒழிந்துவிடவில்லை. வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரான அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் பிடிஎஃப் கோப்புகளாக இன்றும் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து ‘கன்ட்ரோல்’ விசையுடன் ‘எஃப்’ அழுத்தித் தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்லைக்கூட உலாவி இல்லை என்று சொல்லும். காரணம், கோப்புக்குள் இருப்பவை தமிழ் எழுத்துகளே இல்லை. தமிழாகத் தோற்றமளிக்கும் ரோமன் குறியீடுகள். வேண்டிய பத்தியை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் அல்லது சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றியில் இட்டால் ஒருங்குறியாகக் கிடைத்துவிடும். பழைய ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இத்தகைய மாற்றியின் பக்கத்தைப் புத்தகக்குறியில் வைத்துக்கொள்வது நல்லது.

கோட்டைப்பட்டினம்: கைபேசியும் கடலும்

புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீன்பிடி ஊர் கோட்டைப்பட்டினம். பக்கத்து ஊரான ஜெகதாப்பட்டினத்தைப் போலவே இங்கும் விசைப்படகுத் துறை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் போக, மற்ற நாள்களில் கடலுக்குப் போகலாமா என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. இப்படியொரு ஊரில் உலாவியின் முதல் பயன் வானிலை.

ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், அலை உயரம், காற்றின் வேகம், நீரோட்டம் ஆகியவற்றைக் கரையோரப் பகுதிவாரியாக வெளியிடுகிறது. கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழியே கணித்து, மீன் கூடும் இடங்கள் பற்றிய அறிவிப்பையும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தருகிறது. தடைக்காலத்திலும் கடல் கொந்தளிக்கும் நாள்களிலும் இந்த மீன்வள அறிவிப்பு வராது. மீனவர்களுக்கான எச்சரிக்கை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பக்கத்தில் இருக்கிறது. இவற்றை ஒவ்வொரு முறையும் தேடுபொறியில் தேடிப் போனால் நடுவில் விளம்பரங்களும், நேற்றைய புயலை இன்றையதாகக் காட்டும் காணொளிகளும்தான் முதலில் வந்து நிற்கும்.

அதற்கு மாற்று எளிது. வேண்டிய பக்கத்தை ஒருமுறை திறந்து, குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘முகப்புத் திரையில் சேர்’ என்பதைத் தொட்டால், அது செயலிபோல ஒரு சின்னமாகத் திரையில் உட்கார்ந்துகொள்ளும். தேடுதல் தேவையில்லை, கைபேசியில் இடமும் பிடிக்காது. அதே பட்டியலில் கீழ்நோக்கிய அம்பைத் தொட்டால் பக்கம் சேமிக்கப்பட்டு, சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். எழுத்தும் படமுமாக இருக்கும் அறிவிப்புகள் இப்படி ஒழுங்காகச் சேமிக்கப்படும். விண்டி போன்ற அசையும் காற்று வரைபடங்களைச் சேமிக்க முடியாது, அவற்றுக்குத் திரைப்பிடிப்புதான் வழி. ஒன்றை மறக்கக் கூடாது: சேமித்த முன்னறிவிப்பு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. கரையை விட்டுக் கிளம்புமுன் பக்கத்தின் மேலுள்ள தேதியையும் நேரத்தையும் பார்ப்பது, பக்கத்தைச் சேமிப்பதைவிட முக்கியம்.

டேட்டாவைச் சிக்கனப்படுத்த குரோமில் இருந்த லைட் முறையை 2022 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. பக்கங்களைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பும் ஓபரா மினி, 2005இலிருந்து அந்த வேலையைச் செய்துவருகிறது. ஆனால் படிப்பதெல்லாம் இன்னொருவரின் சர்வர் வழியாகத்தான் வந்து சேரும். வானிலை பார்க்க அது போதும். வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

அறிவிப்புகளின் தொல்லை தனி. ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதியை அழுத்தவும்’ என்று ஒரு பக்கம் கேட்கும். அழுத்தியவருக்கு அன்று முதல் ‘உங்கள் கைபேசியில் வைரஸ்’ என்று மணிக்கொரு செய்தி வரும். கைபேசி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பலர். அமைப்புகளில் ‘தள அமைப்புகள்’, அதற்குள் ‘அறிவிப்புகள்’ என்று போய், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் துடைத்தால் போதும். பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். இருப்பிட அனுமதியையும் அதே இடத்தில் பார்த்து, வானிலைப் பக்கத்துக்கு மட்டும் விட்டுவைக்கலாம்.

பொதுக் கணினி

பட்டா, வருமானச் சான்று, பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று கிளம்பினால் பலருக்கும் இ-சேவை மையமோ ஜெராக்ஸ் கடையோதான் கதி. அங்கே மறைநிலைச் சாளரத்தைத் திறந்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மறைநிலை, சாளரத்தை மூடியதும் வரலாற்றையும் குக்கிகளையும் நீக்கும், அவ்வளவே. போகும் தளங்களுக்கும் இணைய இணைப்பு தருபவருக்கும் ஒன்றும் மறையாது. மறைநிலையிலும் தரவு சேகரித்ததாக 2020இல் தொடுக்கப்பட்ட அமெரிக்க வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024இல் ஒப்புக்கொண்டது.

இறக்கிய கோப்பையும் மறைநிலை அழிப்பதில்லை. மின்-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. ஆளைத் தெரிந்த எவரும் ஊகித்துவிடலாம். எனவே வேலை முடிந்ததும் ‘பதிவிறக்கங்கள்’ கோப்புறையிலிருந்து கோப்பை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலிசெய்துவிட்டு எழுவதே சரி.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் போகும் கடலோர ஊர்களில் பாஸ்போர்ட் தளம் அடிக்கடி தேவைப்படும். அதைப் போலவே தோற்றமளித்துப் பணம் பறிக்கும் போலித் தளங்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று ஒருமுறை சரிபார்த்து, அதைப் புத்தகக்குறியாக வைத்து, பின்னர் எப்போதும் அதன் வழியாகவே போவது போலிகளைத் தவிர்க்கும் மலிவான வழி.

படிப்பதற்கான சில வசதிகள்

தமிழ் எழுத்து, அதே அளவிலான ஆங்கிலத்தைவிடச் சிறியதாகத் தோன்றும். கணினி ஃபயர்பாக்ஸின் எழுத்துரு அமைப்பில் தமிழுக்கென்று தனியாக எழுத்துருவையும் குறைந்தபட்ச அளவையும் குறிக்கலாம். ஆங்கிலப் பக்கங்கள் மாறாது. கைபேசிக் குரோமில் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கலாம். பெரிதாக்கவிடாமல் தடுக்கும் தளங்களை மீறவும் அங்கேயே ஒரு பொத்தான் உண்டு.

கண் சோர்ந்தவர்களுக்கு எட்ஜ் உலாவியின் உரக்கப் படிக்கும் வசதி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தமிழுக்கு நாட்டுவாரியாகக் குரல்களைச் செய்திருக்கிறது. இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர்; இலங்கைக்குச் சரண்யா, குமார்; மலேசியாவுக்குக் கனி, சூர்யா; சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. செய்திக் கட்டுரையைக் கேட்கத் தாராளமாகப் போதும். கவிதையைக் கொடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

அதிகம் பேர் அறியாத வசதி முகவரிப் பட்டைத் தேடல். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ் விக்சனரியில் ஒரு சொல்லைத் தேடி, கிடைக்கும் முகவரியில் அந்தச் சொல் இருக்கும் இடத்தில் சதவீதக் குறியையும் சிறிய ‘எஸ்’ எழுத்தையும் போட்டு, கணினிக் குரோமின் ‘தளத் தேடல்’ பகுதியில் ‘வி’ என்ற சுருக்கத்துடன் சேர்த்துவிட வேண்டும். அதன்பின் முகவரிப் பட்டையில் ‘வி’ அடித்து, டேப் விசையைத் தட்டி, சொல்லை எழுதினால் நேரே பொருள் வரும். தெரியாமல் மூடிய தாவலை மீட்க ‘கன்ட்ரோல்’, ‘ஷிஃப்ட்’, ‘டி’ மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். இந்த ஒரு குறுக்குவழிக்காகவே உலாவியை மெச்சலாம்.

நீட்சிகளும் அவற்றின் ஆபத்தும்

நீட்சி நிறுவுவது, படிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் இன்னொருவர் பார்க்க அனுமதிப்பது. திறந்து கிடக்கும் தாவல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய ‘கிரேட் சஸ்பெண்டர்’ நீட்சியைச் சுமார் 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020இல் அது கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீங்குநிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை நீக்கியது. நிறுவியவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை, நல்லது கெட்டதாக மாறியது அவர்களுக்குத் தெரியவில்லை. இப்போது தாவல்களை உறங்கவைக்கும் வேலையைக் குரோமே செய்கிறது. உலாவிக்குள்ளேயே இருக்கும் வசதிக்குத் தனி நீட்சி வேண்டாம் என்பது பாதுகாப்பான விதி.

விளம்பரத் தடுப்பு இதில் விலக்கு. ரேமண்ட் ஹில் உருவாக்கிய யூபிளாக் ஆரிஜின் பலரும் நம்பும் நீட்சி. கூகுள் தன் நீட்சி விதிகளை மாற்றியதால் 2024-25இல் குரோமில் அது செயலிழந்தது. ‘லைட்’ என்ற குறைந்த வடிவம் மட்டும் அங்கே கிடைக்கிறது. ஃபயர்பாக்ஸில் முழு வடிவமும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு குரோம் நீட்சிகளையே ஏற்பதில்லை. ஃபயர்பாக்ஸோ 2023 டிசம்பரில் கைபேசியிலும் நூற்றுக்கணக்கான நீட்சிகளுக்குக் கதவைத் திறந்தது.

உலாவியே ஒருநாள் இல்லாமல் போகலாம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் யூசி பிரௌசரும் ஒன்று; அப்போது இந்தியக் கைபேசிகளில் அதற்குப் பெருங்கூட்டம் இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வுபெற்றது. கணினி உலாவிகளில் புத்தகக்குறிகளை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்ய வழி இருக்கிறது. அவ்வப்போது அப்படி ஒரு பிரதி எடுத்துவைத்தால் வீடு மாறுவது எளிது.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் உலாவி

மேற்சொன்ன மாற்றங்களில் பலவற்றை முன்கூட்டியே செய்து தருவதாகச் சொல்லி 2023 மே மாதம் ஸோஹோ நிறுவனம் ‘உலா’வை வெளியிட்டது. இந்திய உலாவி என்ற முயற்சி புதிதில்லை. பெங்களூருவின் ‘எபிக்’ 2010லேயே இந்திய மொழி வசதிகளோடு வந்தது. உலாவின் தனித்தன்மை அதன் முறைகளில் இருக்கிறது. தனிப்பட்ட பயன்பாடு, அலுவலகம், குழந்தைகள், நிரலாளர் என ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு, தனி வரலாறு, தனிப் புகுபதிகை. குடும்பத்துக்கே ஒரு கணினி இருக்கும் வீட்டில் குழந்தையின் விளையாட்டுத் தளமும் தந்தையின் வங்கிக் கணக்கும் ஒரே சாளரத்தில் கலக்காமல் இருக்க இது உதவும். விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது.

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய உலாவி உருவாக்கப் போட்டியின் முடிவு 2025 மார்ச்சில் வெளியானபோது, ஸோஹோவுக்கு முதல் பரிசாக 1 கோடி ரூபாய் கிடைத்தது. அடித்தளம் மட்டும் உள்ளூர்ச் சரக்கில்லை. எட்ஜ், ஓபரா, பிரேவ் போலவே உலாவும் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் குரோமியத்தோடு 2008 செப்டம்பரில் வெளிவந்த குரோமின் உருவாக்கத்தை வழிநடத்தியவர்களில் ஒருவர், மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை.