கெரவலப்பிட்டிய உலையும் லயத்துச் சாணக்குழியும்

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். 2021இல் கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 600 தொன் அளவில் குப்பை தின்று, 10 மெகாவாட் தருகிறது. பதுளைக்கும் அப்படியொன்று வராதா என்று கேட்கத் தோன்றும்.

வேண்டாம் என்பதே என் முடிவு. அந்த உலைக்கு இரவு பகலாகத் தீனி வேண்டும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை மூன்றின் குப்பையையும் கூட்டினாலும் காணாது. அதிலும் பாதிக்கு மேல் ஈரம். சந்தையில் கழித்துப்போட்ட கோவா இலையும் லீக்ஸ் தோகையும் மழையில் ஊறிக் கிடக்கின்றன. அவற்றை எரிக்கப் போனால் சூட்டில் பெரும்பகுதி தண்ணீரை வற்றவைக்கவே செலவாகும். நச்சுப் புகையை வடிகட்டும் செலவு வேறு.

அதே ஈரம்தான் சாணக்குழிக்குப் பலம். தேயிலைத் தோட்ட லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடு கட்டியிருக்கும் குடும்பம், சாணத்தையும் சமையல் கழிவையும் தண்ணீரில் கரைத்துக் காற்றுப்புகாத குழியில் விட்டால், நுண்ணுயிர்கள் மீதேன் வாயுவாக்கித் தரும். குழாய் வழியே அது அடுப்புக்கு வரும். மிஞ்சும் கரைசல் மரக்கறித் தோட்டத்துக்கு உரம். அப்புத்தளைக் குளிரில் வாயு குறைவாக ஊறும், பதுளைப் பக்கத்து வெதுவெதுப்பில் நன்றாக ஊறும். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, கவ்வாத்து மலையில் மிலாறு விறகு பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! 2022இல் சமையல் எரிவாயுவுக்கு நாடே வரிசையில் நின்றதை மறந்துவிட முடியுமா?

ஆனால் குழி தோண்ட நிலம் வேண்டும். லயத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. தோட்ட நிர்வாகம் இணங்க வேண்டும். சாணக்குழி பொலித்தீனையும் தின்னாது. சவர்க்கார உறையும் பிஸ்கட் பைக்கட்டும் லயத்துக் கானை அடைத்து, மழையோடு ஓடைக்குப் போய், கீழ் லயத்தாரின் பீலித் தண்ணீரில் கலக்கின்றன. நகரத்தில் அதை அள்ள மாநகர சபை லொறி உண்டு. தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்ய 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நெடுங்காலம் தடையாக நின்றது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

தடை நீங்கிவிட்டது. பசறை, ஹாலிஎல, அப்புத்தளைப் பிரதேச சபை உறுப்பினர்களே, வாரம் ஒருமுறையாவது லயத்துக்கு ஒரு டிரக்டர் அனுப்புங்கள். தோட்ட நிர்வாகங்களே, குழிக்குச் சிறு துண்டு நிலம் விடுங்கள்.